சீன எழுத்து ஆன்லைன் கிளாஸ்ல 680 வெள்ளி போச்சு, சீனப்பள்ளி பெற்றோர் கவனம்

கோவம் இன்னும் அடங்கல. 680 வெள்ளி. எங்க வீட்டுக்கு 680 ரிங்கிட் சின்ன காசு இல்ல.

மகன் இங்க மலேசியால, மாண்டரின்ல பாடம் நடத்துற சீனப்பள்ளில ஒண்ணாம் ஆண்டு, எனக்கும் வீட்டுக்காரருக்கும் மாண்டரின் தெரியாது. அங்க எழுத்து பாக்க சரியா இருந்தா மட்டும் போதாது, எந்தக் கோடு முதல்ல, எது கடைசின்னு வரிசையும் சரியா இருக்கணும், கோடு கோடா பிரிச்சு எழுதுற பயிற்சியே கொடுக்குறாங்க. அப்பதான் போன்ல ஒரு ஆன்லைன் டியூஷன் விளம்பரம் வந்துச்சு. சீனப்பள்ளி சிலபஸ், வாரம் ரெண்டு நாள் நேரடி வகுப்பு, லாவ்ஷி (டீச்சர்) பிள்ளையோட கையைப் பாத்தே திருத்துவாங்க, கட்டம் போட்ட நோட்டு போஸ்ட்ல வரும்னு எல்லாம் இருந்துச்சு.

நம்ப வச்சது அந்த ட்ரையல் கிளாஸ்தான். லாவ்ஷி போனை நோட்டுக்கு மேல பிடிக்கச் சொன்னாங்க. மகன் தண்ணிக்கு எழுதுற ஷுவேய் எழுத்தை இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சான், உடனே நிறுத்தி, நடுவுல கொக்கி வச்ச நேர்கோடுதான் முதல்ல, அப்புறம் இடது, கடைசில வலதுன்னு மார்க்கர்ல மெதுவா எழுதிக் காமிச்சாங்க. அவன் மறுபடி எழுதுனப்ப எழுத்து சாயாம நின்னுச்சு, 'அம்மா பாரு பாரு'ன்னு குதிச்சான். அன்னிக்கு ராத்திரியே 680 வெள்ளியை பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் அந்த லாவ்ஷி முகத்தையே பாக்கல. நேரடி வகுப்புன்னு சொன்னதுக்கு வெறும் வீடியோ லிங்க்தான் வந்துச்சு, நோட்டும் வரல. அதைக்கூட விடலாம், வீடியோல இருக்கிற வரிசையே தப்பு! ராஜாங்கிற வாங் எழுத்து, மூணு படுக்கைக்கோடு ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். ரெண்டு படுக்கைக்கோடு போட்டப்புறம் நேர்கோடு, கடைசில அடிக்கோடு, இதுதான் சீன முறை. இவங்க வீடியோல முதல் கோடு போட்ட உடனே நேர்கோடு இறங்குது. வயலுக்கு எழுதுற தியன்ல கட்டத்துக்குள்ள படுக்கைக்கோடுதான் முதல்ல வரணும், இவங்க நேர்கோட்டைப் போடுறாங்க. வலது பக்கம்ங்கிற யோவ் படுக்கைக்கோட்டுல ஆரம்பிக்கணும், இவங்க சாய்கோட்டுல ஆரம்பிக்கிறாங்க. மகன் இதையே பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணி ஸ்கூல்ல எழுத, நோட்டு பூரா சிவப்பு வட்டம். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிகிட்ட வீடியோவைக் காமிச்சேன், அவங்க மக ஜப்பானிய மொழி படிக்கிற பொண்ணு, 'இது ஜப்பான்ல கான்ஜி, அதாவது அவங்க பயன்படுத்துற சீன எழுத்தை எழுதுற வரிசை ஆன்ட்டி'ன்னு ஒரே பார்வைல சொல்லிடுச்சு.

வாட்ஸ்அப்ல கேட்டா முதல்ல 'கவலைப்படாதீங்க அக்கா, டீம்கிட்ட சொல்லிட்டோம்'. அப்புறம் 'லாவ்ஷி லீவு'. வாங் எழுத்தோட ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா 'வரிசை நாட்டுக்கு நாடு மாறும், இது தப்பு இல்ல'ங்கிறாங்க. மாறும்தான், யாரு இல்லைன்னா? ஆனா சீனப்பள்ளி சிலபஸ்னு சொல்லித்தானே காசு வாங்குனீங்க! 680 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதும் 'ஒரு வீடியோ திறந்தாலும் ரீஃபண்ட் கிடையாது'ன்னு ஒரு மெசேஜ், அதோட நீல டிக் மட்டும்தான் விழுது, பதில் இல்ல. ஆறு வயசுப் பிள்ளை கைல ஒரு தடவை தப்பாப் படிஞ்சதை மாத்த வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இவங்களுக்குத் தெரியுமா? நேத்து அவன் ரப்பரால அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சுபோச்சு.

எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விவரமா எழுத நெனச்சேன், இப்ப முடியல, அவசரமா ரெண்டு மூணு விஷயம் மட்டும். காசு கட்டுறதுக்கு முன்னாடி வாங், தியன், யோவ் இந்த மூணையும் அவங்க வீடியோல பாத்துடுங்க, அங்கயே தெரிஞ்சுடும். சீன அரசே 8105 எழுத்துக்கு கோட்டு வரிசை வெளியிட்டு 2021 மார்ச்ல இருந்து நடைமுறைல இருக்கு, அதைப் பின்பற்றுறீங்களான்னு நேரா கேளுங்க. முழுப் பேக்கேஜுக்கும் ஒரேயடியா கட்டாதீங்க, மாசாமாசம் கட்டுங்க. ட்ரையல் எடுத்த லாவ்ஷிதான் தொடர்ந்து வருவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. ரசீது, சாட் எதையும் அழிக்காதீங்க, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 5 வெள்ளி கட்டி மனு போடலாம், நான் திங்கட்கிழமை போடப்போறேன். இதே மாதிரி இடத்துல ஏமாந்தவங்க இருந்தா கீழ சொல்லுங்க, சேர்ந்தே போடலாம்.