பழைய தலைவர் மறுபடி நின்றால்: கிராம சபையா, தகவல் மனுவா?

குமரி மாவட்டத்தின் 95 ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அவர்களில் ஒருவர் மறுபடி ஓட்டு கேட்டு வந்தால் கணக்கை எங்கே பார்ப்பது?

கிராம சபைக்குச் செலவில்லை. ஆனால் அங்கே கணக்கை வாசிக்கும்போது மொத்தத் தொகைதான் காதில் விழும். தீர்மானத்தை எழுதும் முன்பே கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் தகவல் மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. பதிலுக்கு 30 நாள். "சாலை ஏன் தரமில்லை?" என்று கேட்டால் பயனில்லை, சட்டம் ஆவணத்தைத்தான் தரும். சாலையின் பெயர், ஆண்டு குறிப்பிட்டு மதிப்பீடு, அளவுப் புத்தகம் (முடிந்த வேலையின் அளவை எழுதி வைக்கும் பதிவேடு), பில் நகல்களைக் கேளுங்கள். பிறகு டேப்பைப் பிடித்து நீள அகலத்தை ஒப்பிடலாம். கனம், ஓரம் உடைந்த இடத்தில் தெரியும் (நம்மூர் மழையில் அதற்குப் பஞ்சமில்லை).

மனுவே மேல். தேர்தல் அறிவித்த பிறகு போட்டால் மட்டும், பதில் வருமுன் ஓட்டுப்பதிவு முடிந்திருக்கும்.