நஜஃப்கர் பக்கத்துக் கல்யாண மண்டபம்: சாப்பாடு அருமை, வாசல் பயம்

டெல்லி மயூர் விஹாரில் 25 வருஷமாக இருக்கிறோம். போன பிப்ரவரியில் மகள் கல்யாணத்தை நஜஃப்கர் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஹரியானாவில் ஜஜ்ஜர் மாவட்டம், கிராமத்துக் குடும்பம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். ஆனால் டெல்லியில் மண்டபம் தேடும் நம்மவர்களுக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் குறையே இல்லை. நாங்கள் கூட்டிப்போன சமையல்காரருக்குத் தனி அடுப்படி ஒதுக்கிக் கொடுத்தார்கள். ராத்திரி விருந்தில் தந்தூர் ரொட்டி கடைசி ஆள்வரை சூடாக வந்தது.

வாசலில் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று இந்தியில் பெரிய பலகை. அதைப் பார்த்துத்தான் முன்பணமே கொடுத்தேன். 'ஹர்ஷ் ஃபயரிங்' என்பார்கள். பாராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வரும்போது வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடுவது அந்தப் பக்கக் கிராமங்களில் குடும்ப கௌரவம். எங்கள் ஊர்க் கோயில் கொடையிலும் அதிர்வேட்டு உண்டு, அதனால் அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேட்டு போட்ட இடத்திலேயே வெடித்து முடியும். மேலே போன தோட்டா எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? குடித்த கை தடுமாறினால் மேலேகூடப் போகாது. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் அப்படித்தான் குண்டு பட்டு இறந்தாள்.

பாராத் வர ராத்திரி ஒன்பதரை. காவலாளி கேட்டில் நின்று பைகளைப் பார்த்தார். கேட்டுக்கு இருபது அடி வெளியே, சாலையில், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை ஒருவர் துநாலியை, அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கியை, தூக்கி இரண்டு முறை சுட்டார். குதிரை மிரண்டு பின்வாங்கியது. என் பேரன் சாமந்தி இதழ்களுக்கு நடுவிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். "பாட்டி, இது சுடுது." சிவப்பு பிளாஸ்டிக் குழாய், அடியில் பித்தளை, வாயில் கருகல் நெடி. தட்டிவிட்டேன். அவனுக்கு ஐந்து வயசு.

மேலாளரிடம் ஓடினால், "கேட்டுக்கு வெளியே எங்கள் பொறுப்பு இல்லை மேடம்" என்றார். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்தாக இப்படிக் கொண்டாட்டத்தில் சுட்டால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதைச் சொன்னேன். போலீஸைக் கூப்பிட்டால் கல்யாணம் கெட்டுவிடும் என்று எனக்கே புத்தி சொன்னார்.

கடைசியில் சம்பந்தியம்மாதான் எழுந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே போய், கொழுந்தனாரா மச்சினரா என்று பாராமல் துப்பாக்கியை வாங்கினார். கார் டிக்கியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்து மூடினார். விடியும்வரை அது என் இடுப்பு முடிச்சில்தான் இருந்தது.

பலகையை நம்பாதீர்கள். பாராத் எங்கே கூடுகிறதோ அங்கிருந்தே மண்டபத்துக் காவலாளி வருவாரா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டுக்கு 5, பாதுகாப்புக்கு 1.