வீட்டு வேலைத் தகராறு: சிவில் நீதிமன்றமா, நடுவரா?

காரைக்குடிப் பக்கம் பழைய வளவு வீட்டைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்ததாரரோடு தகராறு முற்றினால், எங்கே போவது?

சிவில் நீதிமன்றத்தின் பெரிய பலம் வழக்கறிஞர் ஆணையர். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன்படி நியமிக்கப்படும் அவர் நேரில் வந்து, உதிரும் சுண்ணாம்புப் பூச்சையும் பெயர்ந்த ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து அறிக்கை தருவார். மறுபடி பூசிவிட்டால் சாட்சியம் சுவரோடு போய்விடும். ஆகவே வழக்கோடு சேர்த்தே அந்த மனுவைப் போடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிறகு அறிக்கைக்கு ஆட்சேபம், மறு ஆய்வு என்று வாய்தா நீள்வதுதான் வேதனை.

நடுவர் என்பவர் நீதிபதி அல்ல, தகராறைத் தீர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தனியாள். அவரிடம் போகத் தகராறை நடுவரிடம் விடுவதாக எழுத்து ஒப்பந்தம் வேண்டும்; வாய்ப்பேச்சு போதாது. 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி, இரு தரப்பு எழுத்து வாதுரைகளும் தாக்கலானபின் 12 மாதங்களில் தீர்ப்பு வர வேண்டும். இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதங்கள். நடுவர் கட்டணம் நம் செலவு.

நடுவர் ஷரத்து இருந்தும் ஒருவர் நீதிமன்றம் போனால், மற்றவர் வழக்கின் சாரத்துக்குப் பதிலுரை தருவதற்குள் அதே 1996 சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ், வழக்கை நடுவரிடம் அனுப்பும்படி மனுச் செய்ய வேண்டும். பதிலுரையை முந்திக்கொண்டு தாக்கல் செய்து உரிமையை இழப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பங்காளிகள் பலருக்குப் பாத்தியமான வீட்டில் ஒருவர் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், நடுவர் ஷரத்து மற்றவர்களைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழும்; அதனால் நான் நீதிமன்றத்தையே சொல்வேன்.