# மறைந்தது, முக்காலும் மறைந்தது: பிடிஎஃப் ஆக்கக் கொடுக்கிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் எக்ஸ்எம்எல் கோப்பை (குறிச்சொற்களோடு வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பு) பிடிஎஃப் ஆக்கக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். தமிழில் கோப்பு வைத்திருக்கிற யாருக்கும் இது நடக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

கொடுத்தது என் அப்பப்பாவின் நெற்கணக்குக் கொப்பி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்தவர். எண்களைத் தமிழிலேயே எழுதுவார்; கால், அரை, முக்காலுக்கும், நெல்லுக்கும்கூடப் பழைய குறிதான். எட்டு மாதம் இருந்து வரிவரியாகக் கணினியில் அடித்தேன். அந்தக் குறிகள் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) 2019இல்தான் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. இங்கே அவற்றை இட்டால் உங்கள் போனில் பெரும்பாலும் கட்டம்தான் தெரியும், ஆகவே பெயரால் சொல்கிறேன்.

முதலில் வந்த பிடிஎஃப்பில் குறி வரவேண்டிய இடமெல்லாம் ## என்று இருந்தது. "தங்கச்சி, உங்கட பைல்லதான் பிழை" என்றார் கடைக்காரர். பைலில் பிழையே இல்லை. அவர் பாவித்தது எக்ஸ்எம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கும் அப்பாச்சி எஃப்ஓபி என்ற இலவச மென்பொருளின் பழைய பதிப்பு. எழுத்துருவில் ஒரு எழுத்து இல்லையென்றால் அது # போட்டுவிட்டு, எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இல்லை என்று எச்சரிக்கையும் எழுதும். அந்த வரிகள் அவருடைய திரையில் ஓடியதை நானே பார்த்தேன்.

அப்புறம் "சரி பண்ணித் தாறன்" என்று இன்னும் 6,000 ரூபாய் வாங்கினார். இரண்டாவது பிடிஎஃப்பில் ஒரு # கூட இல்லை. நம்பி 40 பிரதி அச்சடித்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்தேன்.

பெரியப்பாதான் கண்டுபிடித்தார். ஒரு பக்கத்தில் ௩ (3) அவணம், கீழே ௨ (2) அவணம், மொத்தம் ௬ (6). அவணம் என்பது நெல் அளவு. "அப்பா கூட்டலில பிழை விடுற ஆளில்ல மகள்" என்றார். கொப்பியை எடுத்துப் பார்த்தால் மூன்றே முக்கால், இரண்டே கால். கடைக்காரர் எழுத்துருவைத் தொடவே இல்லை. குறிகளைக் கோப்பிலிருந்தே அழித்திருக்கிறார். # இருந்தால் ஏதோ குறைகிறது என்றாவது தெரியும். அழித்துவிட்டால் பிழையான கணக்கு அப்பப்பாவின் கணக்காகவே நின்றுவிடும். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கொடுக்கும்போது எந்த எழுத்துரு போடுகிறீர்கள் என்று கேளுங்கள். எச்சரிக்கை வரிகளையும் பிடிஎஃப்போடு சேர்த்து வாங்குங்கள். அரிய எழுத்து அதிகமாக உள்ள ஒரு பக்கத்தை முதலில் மாதிரிக்குச் செய்யச் சொல்லி, மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு காசு கொடுத்தால் போதும்.

கடைசியில் எஃப்ஓபியின் புதிய பதிப்பை இறக்கி நானே செய்தேன். எழுத்துருக்கள் நோட்டோ சான்ஸ் தமிழ், அதற்கு அடுத்ததாகப் பழைய குறிகளுக்கான நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட், இரண்டும் இலவசம். இரண்டையும் எஃப்ஓபியின் கட்டமைப்புக் கோப்பில் (அமைப்புகளை எழுதும் கோப்பு) சேர்த்து, அதே வரிசையில் எழுத்துருப் பெயராகக் கொடுத்தேன். முக்கால் வந்தது.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 40 பிரதியில் 37ஐத் திரும்ப வாங்கிவிட்டேன்.