சபைக்கொரு விதியா, ஆற்றுக்கொரு கணக்கா?

நுவரெலியாவின் உரத்திலும் கழிவுநீரிலும் உள்ள நைதரசன் நானுஓயா ஆற்றில் இறங்கி, கொத்மலை நீர்த்தேக்கம் வழியே மகாவலியில் சேர்கிறது. அந்த ஆறு முடிவது கொட்டியாரக் குடாவில். வழியில் பல உள்ளூராட்சி சபைகள். இந்த நைதரசனைக் குறைக்க ஒவ்வொரு சபையும் தனி உபவிதி போடுவதா, எல்லாச் சபைகளும் சேர்ந்து ஆற்றுக்கு ஒரு கூட்டுக் கணக்கு வைப்பதா?

சபைக்கொரு உபவிதி சீக்கிரம் நிறைவேறும். ஹோட்டல் கழிவுநீருக்கு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எல்லை போட்டால் போதும். ஆனால் கழிவில் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் எண் இறங்கும். ஆற்றில் விழும் கிலோ குறையாது. லீக்ஸ், கோவா பாத்திகளில் கழுவுண்டு வரும் உரத்துக்கோ குழாய்முனையே இல்லை, எங்கே போய் அளப்பது?

கூட்டுக் கணக்கு சபை எல்லைகளில் ஆற்றையே அளக்கிறது. லீற்றருக்கு மில்லிகிராம் × வினாடிக்குக் கன மீற்றர் × 86.4 = நாளொன்றுக்குக் கிலோ. உதாரணமாக 3 மில்லிகிராம், 2 கன மீற்றர் என்றால் 518 கிலோ. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். ஆக, தினம் 22 மூட்டைக்கு மேல் ஆற்றோடு போகிறது. ஆறு சபையை விட்டு வெளியேறும் எல்லையில் கிடைத்த அளவிலிருந்து, உள்ளே நுழையும் எல்லையில் கிடைத்த அளவைக் கழித்தால், இடையிலுள்ள சபையின் பங்கு ஏறத்தாழ வரும்.

தவறு நேர்வது நீர் மாதிரி எடுப்பதில்தான். வெயில் நாளில் மட்டும் போத்தல் நிரப்பினால், பெருமழையில் வரும் பெரும்பங்கு தப்பிவிடும். நைதரசனின் ஒரு வடிவமான நைத்திரேற்றை மட்டும் பார்த்தால் கோழி எருவின் அமோனியாவும் சேதன நைதரசனும் கணக்கில் வராது; மொத்த நைதரசனே வேண்டும். போத்தலை உடனே ஐஸில் வைக்க வேண்டும்.

எங்கள் தெரிவு கூட்டுக் கணக்கு. மலக்குழி பவுசர் எங்கே கொட்டுகிறது என்பதற்கு மட்டும் சபை உபவிதியே போதும்.