கறுப்பாகத் திறக்கும் படங்களுக்கு சைக்கிட்-இமேஜின் ‘ரீஸ்கேல் இன்டென்சிட்டி’: நாலு வருஷம் பயன்படுத்திய அனுபவம்

மைக்ரோஸ்கோப் கேமராவிலிருந்து வந்த 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பை முதல் தடவை திறந்தவர்கள் பலருக்கும் இது நடந்திருக்கும்: திரை முழுக்க ஒரே கறுப்பு. கோப்பு கெட்டுப்போய்விட்டதோ என்று பதறுவோம். ஒன்றும் கெடவில்லை. கேமரா 12 பிட், அதாவது 0 முதல் 4095 வரைதான் அதற்கு எண்ணத் தெரியும். கோப்பிலோ 65535 வரை இடம் இருக்கிறது. நேற்று நான் திறந்த படத்தில் ஆகக் குறைந்த பிக்சல் 96, ஆக அதிகம் 1630. ஓப்பன்சிவி என்ற நூலகத்தில் படத்தைத் திரையில் காட்டும் ஐஎம்ஷோ 16 பிட் படத்தை 256ஆல் வகுத்துத்தான் காட்டும், 1630ஐ அப்படி வகுத்தால் கிடைப்பது 6. 255க்கு 6 என்பது கண்ணுக்குக் கறுப்புதான்.

இதைச் சரிசெய்யப் பைத்தான் நிரல்மொழியில் பல வழிகள் உண்டு. நான் நாலு வருஷமாக நம்பியிருப்பது சைக்கிட்-இமேஜ் என்ற படச் செயலாக்க நூலகத்தின் எக்ஸ்போஷர் பகுதியில் உள்ள ரீஸ்கேல் இன்டென்சிட்டி. இலவசம், மூலநிரலைத் திறந்து படிக்கலாம். செய்யும் வேலை பள்ளிக்கூடக் கணக்குதான்: ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் கீழ் எல்லையைக் கழித்து, இரண்டு எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, புதிய எல்லைக்குள் பரப்பிவிடும். எல்லைக்கு வெளியே இருப்பதை ஓரத்தில் நிறுத்திவிடும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பலர் 16 பிட் படத்தை ஆஸ்டைப் (astype, எண் வகையை மாற்றும் கட்டளை) போட்டு நேரே 8 பிட்டாக மாற்றிவிடுகிறார்கள். அப்போது 255ஐத் தாண்டிய எண் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும்: 256 போய் 0 ஆகும், 300 போய் 44 ஆகும். செல்லின் நடுவில் வெட்டிய மரத்துண்டில் இருப்பதுபோல வளையம் வளையமாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைக்கு என்பதை இன் ரேஞ்ச், அவுட் ரேஞ்ச் என்று இரண்டு இடத்தில் வெளிப்படையாகச் சொல்ல முடிவது. ஆறு மாதம் கழித்து நிரலைத் திறந்தாலும் என்ன செய்தோம் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். சிடி ஸ்கேன் பார்ப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். சிடி படத்தின் அடர்த்தி அளவான ஹவுன்ஸ்ஃபீல்டில் நடு 40, அகலம் 400 என்ற வயிற்றுப் பகுதி விண்டோ (காட்ட வேண்டிய எண் வரம்பு) வேண்டுமா, இன் ரேஞ்சில் −160, 240 என்று கொடுத்தால் போதும்.

ஆனால் இன் ரேஞ்சை நாம் கொடுக்காமல் விட்டால் அது அந்தந்தப் படத்தின் குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்தைப் பார்க்க அது நல்லது. இரண்டு படங்களை ஒப்பிட அது ஆகவே ஆகாது. போன வருஷம் எங்கள் லேபில் மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். “அண்ணா, ரெண்டும் ஒரே வெளிச்சமாத்தானே இருக்கு, மருந்து வேலை செய்யலையா?” என்று கேட்டார் புதிதாகச் சேர்ந்த தம்பி. அசல் எண்களைப் போய்ப் பார்த்தால் ஒன்றில் அதிகபட்சம் 1630, இன்னொன்றில் 520. எங்கள் நிரலில் இன் ரேஞ்ச் எழுதப்படவில்லை, அதனால் இரண்டுமே தனித்தனியாக வெள்ளை வரைக்கும் இழுக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் 96, 1630 என்று ஒரே எல்லை கொடுத்தபோது ஒரு படம் பளிச்சென்று நின்றது, இன்னொன்று மங்கியது. மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. ஒப்பீடு என்று வந்துவிட்டால் இன் ரேஞ்சைக் கையால் கொடுங்கள், இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்புறம் கெட்ட பிக்சல். சென்சாரில் ஒரே ஒரு பிக்சல் 4095இல் மாட்டிக்கொண்டால் போதும், 400 மதிப்புள்ள செல் 255க்கு 50 என்று தெரிய வேண்டியது 19க்கு இறங்கிவிடும். இதற்கு நம்பை என்ற கணக்கு நூலகத்தின் பெர்சென்டைலை (எத்தனை சதவீதப் பிக்சல் எந்த எண்ணுக்குக் கீழே என்று சொல்வது) வைத்து எல்லை கண்டுபிடிப்பதுதான் வழக்கம். சைக்கிட்-இமேஜின் சொந்த உதாரணப் பக்கத்தில் நிலாப் படத்துக்கு 2, 98 போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எல்லாரும் எல்லாவற்றுக்கும் 2, 98 போடுகிறோம். நிலா சட்டத்தை நிறைத்திருக்கும் படம், அதற்குச் சரி. 2048க்கு 2048 படத்தில் 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 84 ஆயிரம் பிக்சல். இருட்டில் நாலைந்து புள்ளி மட்டும் மின்னும் படத்தில் அந்தப் புள்ளிகள் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும், எல்லாம் ஒரே வெள்ளையாகி உள்ளே இருந்த விவரம் போய்விடும். அப்படிப்பட்ட படங்களுக்கு நான் மேலே 99.9 வைக்கிறேன், அது ஏறக்குறைய 4 ஆயிரம் பிக்சலைத்தான் வெட்டும். அதுவும் அதிகம் என்று தோன்றினால் 99.99.

அவுட் ரேஞ்சிலும் கவனம் வேண்டும். ‘யூஇன்ட்8’ என்று பெயர் கொடுத்தால் 8 பிட் படம் வரும். 0, 255 என்று இரண்டு எண் கொடுத்தால் எல்லை அதேதான், ஆனால் வருவது ஃப்ளோட், அதாவது தசம எண்கள். அந்த ஃப்ளோட்டை ஓப்பன்சிவி ஐஎம்ஷோவிடம் கொடுத்தால் அது 255ஆல் பெருக்கிக் காட்டும், திரை முழுக்க வெள்ளை. இன்னொன்று, பின்னணியைக் கழித்த ஃப்ளோட் படத்தில் எதிர்மறை எண்கள் இருக்கும். அவுட் ரேஞ்ச் சொல்லாவிட்டால் அந்தப் படம் 0 முதல் 1 வரை போகாமல் −1 முதல் 1 வரை பரவும், பிறகு 8 பிட்டாக மாற்றும்போது சுழியத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பாக வெட்டுப்படும். ஆவணத்தில் இந்த விவரங்கள் இருக்கின்றன, ஆனால் அவசரத்தில் படிப்பவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை. இதற்காக அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

சும்மா பார்க்க மட்டும் என்றால் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் நூலகமே போதாதா என்று கேட்பீர்கள். போதும். வி-மின், வி-மேக்ஸ் என்று கீழ், மேல் எல்லைகளைக் கொடுத்தால் அசல் எண்களைத் தொடாமலேயே காட்டும், நிறத்துக்கு ‘கிரே’ என்று சொல்ல மறந்தால் மட்டும் மஞ்சளும் ஊதாவுமாக வரும். ஆனால் அறிக்கையில் வைக்கவோ வேறொருவருக்கு அனுப்பவோ 8 பிட் கோப்பு வேண்டும் என்னும்போது நான் திரும்பவும் ரீஸ்கேல் இன்டென்சிட்டிக்குத்தான் வருகிறேன். 5க்கு 4.5 தருவேன். அசல் டிஃப்பை மட்டும் மாற்றாமல் தனியாக வையுங்கள், செல்லின் வெளிச்சத்தை அளக்கும் வேலை எல்லாம் அதில்தான். நீட்டிய படத்தின் கோப்புப் பெயரில் 96-1630 என்று எல்லையையும் சேர்த்துவிடுங்கள்.