லெக்சஸ் எல்எஸ்400 த்ராட்டில் சென்சார்: கழற்றிய அசலா, புது மாற்றா?

1989-இல் அறிமுகமான வண்டி. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கணினிக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சார். சென்சார் புது அசலாகவே கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காதவர்களுக்குத்தான் இது: பழைய வண்டியில் கழற்றிய அசலா, வேறு நிறுவனம் செய்த புது மாற்றா என்று.

விலை: கழற்றியது பெரும்பாலும் மலிவு. மாற்று, பிராண்டைப் பொறுத்தது.

எவ்வளவு நாள் உழைக்கும்: கழற்றியதில் உள்ளே இருக்கும் மின்தடைத் தடம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், ஐடிலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலை) ஒட்டிய இடத்தில் இன்னும் அதிகமாக. மல்டிமீட்டர் வைத்துச் சென்சாரின் சுழலும் பகுதியை மெதுவாகத் திருப்புங்கள். ரெசிஸ்டன்ஸ் சீராக ஏறாமல் துள்ளினால் வேண்டாம். மாற்றிலும் இதே சோதனை செய்யலாம். பெயர் தெரியாத பிராண்ட் என்றால் சூதாட்டம்தான்.

பொருத்துவது: இரண்டுக்கும் ஒரே வேலை. திருகை முடுக்குமுன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஐடில் நிலையைச் சரிசெய்யுங்கள். இதை விட்டால் எந்தச் சென்சாரும் தகராறுதான்.

தினமும் ஓட்டுபவருக்கு நல்ல பிராண்ட் மாற்று. எப்போதாவது எடுப்பவர், மீட்டரும் கையில் இருந்தால், கழற்றிய அசல் போதும்.